பயிற்சி ஆட்டத்தில் முன்னணி வீரர்கள்

புள்ளிக் கணக்கில் சேராத ஆட்டத்தில் முன்னணி வீரரைக் களமிறக்கினால் பெரும் தொடருக்கு முன் அவர் காயமடையக்கூடும். இறக்காவிட்டால் ஆட்டப் பழக்கமின்றியே தொடருக்குள் நுழைவார். அமெரிக்கக் கால்பந்தில் இது பழைய விவாதம். 2003 ஓகஸ்ட்டில் பருவத்துக்கு முந்திய போட்டியொன்றில் அட்லாண்டா அணியின் மைக்கல் விக்குக்குக் கால் எலும்பு முறிந்தது. அந்தப் பருவத்தில் 11 போட்டிகளை அவர் இழந்தார். 2023 ஓகஸ்ட்டில் செல்சி உதைபந்தாட்ட அணியின் கிறிஸ்டோபர் என்குன்கு, சிக்காகோவில் நடந்த நட்பு ஆட்டத்தில் முழங்காலில் காயமடைந்தார்; டிசம்பரிலேயே அவரால் களத்துக்கு வர முடிந்தது.

அதே 2023 ஓகஸ்ட்டில் இலங்கைக் கிரிக்கெட் அணியும் இந்த விலையைக் கொடுத்தது. ஓகஸ்ட் 20 அன்று லங்கா பிரீமியர் லீக் இறுதிப் போட்டியில் தம்புள்ளை அணியை வென்று கண்டி அணி கிண்ணம் ஏந்தியது. 279 ஓட்டங்கள், 19 விக்கெட்டுகள் எனத் தொடரின் நாயகனான கண்டித் தலைவர் வனிந்து ஹசரங்க, தொடையின் பின்தசைக் காயத்தால் அந்த இறுதிப் போட்டியில் ஆடவில்லை. பத்தே நாட்களில் தொடங்கிய ஆசியக் கிண்ணமும், அடுத்து வந்த உலகக் கிண்ணமும் அவருக்குக் கைநழுவின. லீக் ஒன்றும் பயிற்சி ஆட்டமல்ல. ஆனால் தேசிய அணியின் கண்ணில் அது பெரும் தொடருக்கு முந்திய களம்தான்.

வேகமாக ஓடும்போது முன்னே வீசப்படும் காலைத் தொடையின் பின்தசை இழுத்து நிறுத்துகிறது. தசை நீளும் அந்தக் கணத்தில்தான் அது கிழிவது வழக்கம். ஒருமுறை கிழிந்த தசை மறுபடி கிழியும் வாய்ப்பு அதிகம். 2024 நவம்பர் 10 அன்று மாத்தளை மாவட்டத்தின் ரங்கிரி தம்புள்ளை மைதானத்தில், நியூஸிலாந்துக்கு எதிரான இருபது20 போட்டியில் ஹசரங்க 17 ஓட்டங்களுக்கு 4 விக்கெட்டுகளைச் சாய்த்தார். தொடையின் பின்தசைக் காயத்தால் அடுத்த ஒருநாள் தொடரை இழந்தார். அதே ஆட்டத்தில் ஹட்ரிக் எடுத்த லொக்கி பெர்குசன் கெண்டைக்கால் தசைக் காயத்தால் இரண்டு ஓவர்களுடன் நின்றார். 108 ஓட்டங்களுக்குச் சுருண்ட நியூஸிலாந்து, இலங்கையை 103 ஓட்டங்களுக்கு மடக்கி 5 ஓட்டங்களால் வென்றது. அது கணக்கில் சேரும் ஆட்டம். அங்கே அந்த அபாயத்துக்கு அர்த்தம் இருக்கிறது.

ஆனால் காயத்துக்கு அஞ்சி ஆயத்த ஆட்டங்களையே கைவிட முடியாது. நான்கு ஓவர்களுக்குப் பழகிய உடல், திடீரெனப் பத்து ஓவர்களைச் சுமக்கும்போதே அதிகம் பழுதுபடுகிறது. பளு படிப்படியாக ஏற வேண்டும். வலைப்பயிற்சியில் மட்டும் அது நிறைவேறாது. எல்லைக்கோட்டருகே பந்தைத் துரத்துவதையும், ஓட்டத்துக்காகப் பாதியில் திரும்பி ஓடுவதையும் வலைக்குள் பழக இயலாது.

ஆட்டமே இல்லாத வேளையிலும் காயம் வரும். 2018 ஒக்டோபரில் தம்புள்ளையில் இரண்டு ஒருநாள் போட்டிகளை முடித்துக் கண்டிக்கு வந்த இங்கிலாந்து அணியின் ஜொனி பெயார்ஸ்டோ, உடலைச் சூடேற்ற ஆடிய உதைபந்தாட்டத்தில் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். காலியில் நடந்த முதல் டெஸ்டில் அவரது இடத்தில் அறிமுகமான பென் போக்ஸ் 107 ஓட்டங்கள் குவித்தார். பெயார்ஸ்டோ மூன்றாவது டெஸ்டில் சதத்துடன் திரும்பினாலும், விக்கெட் காப்புக் கையுறை போக்ஸிடமே இருந்தது. 2020இல் கேப் டவுனில் ரொறி பேர்ன்ஸும் இப்படியே காயமடைந்த பின்னர்தான் இங்கிலாந்து அந்த உதைபந்தாட்டத்தைத் தடைசெய்தது. எந்தத் திறனையும் வளர்க்காத அந்த விளையாட்டை முன்னரே நிறுத்தியிருக்கலாம்.

இடம் உறுதியான வீரருக்கு முழு ஆட்டம் தேவையில்லை. அளவான பங்கு போதும். உலகக் கிண்ணப் பயிற்சிப் போட்டிகளில் குழுவின் 15 பேரையும் மாற்றி மாற்றி ஆடவைக்க இடமுண்டு. வேகப்பந்துவீச்சாளர் சில ஓவர்கள் வீசிவிட்டு வெளியேறலாம். துடுப்பாட்ட வீரர் முப்பது, நாற்பது பந்துகளைச் சந்தித்துவிட்டு ஓய்வெடுக்கலாம். பழைய தசைக் காயம் உள்ளவருக்கு எத்தனை ஓவர் என்பதை அணித்தலைவரல்ல, உடலியக்க மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும். மிச்ச ஓவர்கள், தேர்வாளர்களின் கண்ணில் படக் காத்திருக்கும் இளையவர்களுக்கு உரியவை.