எல்விஸ், சம்கீலா, கே.பி.சுந்தராம்பாள்... பாடகரின் கதையை எடுத்தால் பாடுவது யார்?

நடிகரின் வாழ்க்கையைப் படமாக்குவது ஒரு விதத்தில் சுலபம். முகச்சாயல் கொஞ்சம் ஒத்துப்போனால் போதும். மீதியை மேக்கப்பும் நடிப்பும் பார்த்துக்கொள்ளும். அரசியல்வாதியின் கதை என்றால் துண்டும் கண்ணாடியும் பாதி வேலையைச் செய்துவிடும்.

பாடகரின் கதை அப்படியல்ல. அவர் முகத்தை மறந்தவர்களுக்கும் குரல் மறந்திருக்காது. திரையில் நடிகர் வாயைத் திறந்த முதல் நொடியிலேயே, "இது அவர் குரல் இல்லையே" என்று ரசிகர் மனசு சொல்லிவிட்டால் அதன் பிறகு எத்தனை கோடி செலவு செய்தும் பயனில்லை. அதனால் இந்த வகைப் படம் எடுப்பவர்கள், யார் நடிப்பது என்று முடிவு செய்வதற்கு முன்பே யார் பாடுவது என்று முடிவு செய்தாக வேண்டும்.

இதில் உலகத்துக்கே பாடம் எடுத்தவர் ராக் அண்ட் ரோல் மன்னர் எல்விஸ் பிரெஸ்லி. இந்தியாவில் பாடம் எடுத்தவர் 'பஞ்சாபின் எல்விஸ்' என்று அழைக்கப்பட்ட அமர் சிங் சம்கீலா. அந்தப் பாடங்களை வைத்துக்கொண்டு, நம் கொங்கு மண்ணில் படமாகத் தகுந்த ஒரு குரலைப் பற்றியும் யோசித்துப் பார்க்கலாம்.

ஒரே எல்விஸ், மூன்று குரல்கள்

எல்விஸ் இறந்தது 1977 ஆகஸ்ட் 16. வயது 42. ஒன்றரை ஆண்டுகள்கூட முடியவில்லை, 1979 பிப்ரவரி 11 அன்று அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 'எல்விஸ்' படம் ஒளிபரப்பானது. தியேட்டருக்காக அல்ல, டி.வி-க்காகவே எடுத்த படம். இயக்கியவர் ஜான் கார்பென்டர். அதற்கு முந்தைய ஆண்டுதான் 'ஹாலோவீன்' என்ற பேய்த்தனமான த்ரில்லரில் உலகத்தை அலற வைத்திருந்தார்.

எல்விஸாக நடித்தவர் கர்ட் ரஸ்ஸல். இவர் சின்னப் பையனாக இருந்தபோது, 1963-ல் வந்த ஓர் எல்விஸ் படத்தில் எல்விஸின் காலை எட்டி உதைக்கும் சிறு வேடத்தில் வந்தவர்! எல்விஸின் அப்பாவாக நடித்தது கர்ட்டின் சொந்த அப்பா பிங் ரஸ்ஸல்.

ஆனால், பாடியது கர்ட் அல்ல. ரானி மெக்டவல் என்ற பாடகர். எல்விஸ் மறைந்த சில நாள்களிலேயே அஞ்சலிப் பாட்டு பாடிப் பிரபலமானவர் அவர். எல்விஸ் குரலை அச்சு அசலாகக் கொண்டுவரக் கூடியவர். அந்த இரவில் எதிர் சேனல்களில் ஓடியவை 'கான் வித் தி விண்ட்', 'ஒன் ஃப்ளூ ஓவர் தி குக்கூஸ் நெஸ்ட்' என இரண்டு ஆஸ்கர் படங்கள். இரண்டையும் விட அதிகம் பேர் பார்த்தது இந்த டி.வி படத்தைத்தான்.

2005-ல் சிபிஎஸ் தொலைக்காட்சி மறுபடி எல்விஸ் கதையைக் குறுந்தொடராக எடுத்தது. இந்த முறை எல்விஸின் அசல் ஒலிப்பதிவுகளையே பயன்படுத்த அனுமதி கிடைத்தது. நடிகர் ஜோனதன் ரீஸ் மேயர்ஸ் வாயசைத்தார்.

2022-ல் பாஸ் லர்மன் இயக்கிய சினிமாவில் மூன்றாவது வழி. இளமைக்காலப் பாடல்களை நடிகர் ஆஸ்டின் பட்லரே பாடினார். பிற்காலப் பாடல்களுக்கு எல்விஸின் நிஜக் குரல் கைகொடுத்தது.

குரல் ஒத்த பாடகர், அசல் ஒலிப்பதிவு, நடிகரே பாடுவது. பாடகரின் கதையை எடுக்க இந்த மூன்று வழிகள்தான் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு லாபம், ஒரு நஷ்டம். அசல் குரலில் உண்மை இருக்கும். ஆனால், நடிகரின் மூச்சும் பாட்டின் மூச்சும் சில இடங்களில் சேராது. நடிகரே பாடினால் உயிர் இருக்கும். ஆனால், ஒப்பிட்டுப் பார்த்துக் குறை சொல்ல ஊரே காத்திருக்கும்.

துணிந்து பாடிய 'சம்கீலா'

லூதியானா அருகே தலித் குடும்பத்தில் பிறந்து, துணி ஆலையில் வேலை பார்த்து, கேசட் காலத்தில் பஞ்சாபின் நம்பர் ஒன் பாடகரானவர் சம்கீலா. கள்ளக்காதல், குடி என்று வீட்டுக்குள் பேசக் கூசும் விஷயங்களை மேடையில் பாடினார். ஊர் திட்டியது, ஊரே கேசட்டும் வாங்கியது. எல்விஸுக்கும் இதே கதைதான். அவர் இடுப்பை ஆட்டிப் பாடுவது ஆபாசம் என்று, 1957-ல் ஓர் அமெரிக்க டி.வி நிகழ்ச்சியில் இடுப்புக்கு மேலே மட்டும் காட்டினார்கள்.

ஆனால், சம்கீலாவின் முடிவு கொடூரமானது. 1988 மார்ச் 8 அன்று, மெஹ்சம்பூரில் கச்சேரிக்காக வந்து இறங்கிய இடத்தில் சம்கீலா, அவருடன் பாடிய மனைவி அமர்ஜோத், குழுவைச் சேர்ந்த இருவர் என நான்கு பேரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சம்கீலாவுக்கு வயது 27. கொன்றவர்கள் யாரும் இதுவரை தண்டிக்கப்படவில்லை.

இந்தக் கதையை இம்தியாஸ் அலி இயக்க, 2024 ஏப்ரல் 12 அன்று நெட்ஃப்ளிக்ஸில் வெளியானது. இசை நம்ம ஏ.ஆர்.ரஹ்மான். சம்கீலாவாக தில்ஜித் தோசாஞ்ச், அமர்ஜோத்தாக பரினீதி சோப்ரா. படக்குழு எடுத்த பெரிய முடிவு, சம்கீலாவின் பழைய பாடல்களை ஸ்டூடியோவில் பதிவு செய்து வாயசைக்க வைக்காமல், இருவரையும் படப்பிடிப்புத் தளத்திலேயே நேரடியாகப் பாட வைத்ததுதான். தில்ஜித் பஞ்சாபின் முன்னணிப் பாடகர் என்பதால் இது சாத்தியமானது.

ரஹ்மானின் வேலை இன்னும் நுட்பமானது. சம்கீலா பாடிய பாடல்களை 'இம்ப்ரூவ்' செய்ய அவர் முயலவில்லை. அவற்றை அப்படியே விட்டுவிட்டு, ஊர்க்காரர்கள் சம்கீலாவைப் பற்றிப் பாடுவதுபோல புதுப் பாடல்களைத் தனியாகப் போட்டார். எது சம்கீலாவின் பாட்டு, எது ரஹ்மான் பாட்டு என்ற குழப்பமே பார்ப்பவருக்கு வராது. இடையிடையே நிஜ சம்கீலா, அமர்ஜோத்தின் புகைப்படங்களும் திரையில் வந்து போகும்.

இந்தப் படம் 2025-ல் சர்வதேச எம்மி விருதுக்கு இரண்டு பிரிவுகளில் பரிந்துரையானது. தில்ஜித்துக்குச் சிறந்த நடிகர் பிரிவு. படத்துக்கோ டி.வி படம், குறுந்தொடர் பிரிவு. எல்விஸ் 1979-ல் நுழைந்த அதே சின்னத்திரை வாசல்!

கொடுமுடியிலிருந்து ஒரு குரல்

சரி, கொங்கு நாட்டுக்கு வருவோம். இங்கே அந்த அளவுக்கு ஊரையே கட்டிப்போட்ட பாடகர் யார்? காவிரிக் கரையில், மகுடேஸ்வரர் கோயில் இருக்கும் கொடுமுடியில் 1908-ல் பிறந்த கே.பி.சுந்தராம்பாள்.

இன்றைக்கு அவர் பெயரைச் சொன்னால் பலருக்கும் நினைவுக்கு வருவது, 1953-ல் வந்த 'ஔவையார்' பாட்டியும், 1965-ல் வந்த 'திருவிளையாடல்' ஔவையும்தான். வெள்ளைப் புடவை, திருநீறு, கையில் கோல். ஆனால், அதற்கு வெகு காலம் முன்பே அவர் தமிழ் மேடையின் சூப்பர் ஸ்டார். வறுமையில், ரயிலில் பாடிக் காசு பெற்ற சிறுமி, நாடகக் கம்பெனிக்குள் நுழைந்து, இலங்கை வரை போய்க் கொடி நாட்டினார். அங்கேதான் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவோடு ஜோடி சேர்ந்தார். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் இருவரும் மாறி மாறிப் பாட, கிட்டப்பாவின் அண்ணன் காசி ஐயர் ஹார்மோனியம் வாசிக்க, விடிய விடியக் கூட்டம் கலையாது. மைக் கிடையாது. கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்றால் தொண்டைதான் மைக்.

மேடைக் காதல் கல்யாணம் ஆனது. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே திருமணம் ஆகியிருந்தது. சுந்தராம்பாளுக்குப் பிறந்த குழந்தை தங்கவில்லை. மனக்கசப்பு, பிரிவு. 1933 டிசம்பர் 2-ல் கிட்டப்பா 27 வயதில் இறந்துபோனார். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்று கட்டிய வெள்ளைப் புடவையை 1980-ல் மறையும் வரை மாற்றவில்லை. இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவெடுத்தார்.

1935-ல் 'நந்தனார்' படத்துக்கு அழைத்தபோது அவருக்குப் பேசப்பட்ட சம்பளம் 1 லட்சம் ரூபாய். அந்தப் படத்தில் நந்தனாராக, ஆண் வேடத்தில் நடித்தார். காந்தியைப் பற்றியும் விடுதலைப் போராட்டம் பற்றியும் இசைத்தட்டுகளில் பாடினார். சட்ட மேலவை உறுப்பினரானார். 'துணைவன்' படப் பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது, 1970-ல் பத்மஸ்ரீ. எட்டு எபிசோடு வெப் சீரிஸுக்கு இதைவிட என்ன வேண்டும்?

யார் பாடுவது?

இங்கேதான் சிக்கல். கிட்டப்பா ஒரு சினிமாவிலும் நடித்ததில்லை. இன்று அவர் பாடுவதைப் பார்க்க முடியாது; கேட்க மட்டுமே முடியும், அதுவும் கிராமபோன் தட்டில். ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம். மேடையில் ஒரே பாட்டை அரை மணி நேரம் இழுத்துப் பாடியவர்களின் கலை அந்த மூன்று நிமிடத்துக்குள் சுருங்கிக் கிடக்கிறது. மேலே 'கரகர' சத்தம் வேறு.

அந்தத் தட்டின் ஒலியை எடுத்து, முழு நாடகக் காட்சிக்கு வாயசைக்க வைத்தால் ஒட்டாது. ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் மேடையில், டப்பாவுக்குள்ளிருந்து பாடுவதுபோல இருக்கும். ஆகவே, மேடைக் காட்சிகளுக்கு சம்கீலா வழிதான் சரி. உச்சஸ்தாயியில் மைக் இல்லாமல் பாடப் பழகிய, நாடகப் பயிற்சியுள்ள இளம் குரல்களைத் தேடிப் பிடித்து, தளத்திலேயே பாட வைக்க வேண்டும். கிட்டப்பாவின் அசல் குரலை ஒரே ஓர் இடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அவர் இறந்த பிறகு, அந்த வீட்டில் ஓடும் இசைத்தட்டாக. அங்கே 'கரகர' சத்தமும் கதை சொல்லும்.

"ஏ.ஐ. இருக்கே?" என்று கேட்கலாம். மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை 2024-ல் 'லால் சலாம்' படத்துக்காக ரஹ்மான் ஏ.ஐ. மூலம் கொண்டுவந்தார், குடும்பத்தினரின் அனுமதி பெற்று, சன்மானமும் கொடுத்தார். ஒரு பாட்டுக்கு அது நெகிழ்ச்சி தரலாம். ஆனால், வாழ்க்கை வரலாற்றில் ஆபத்து உண்டு. சுந்தராம்பாளை முதன்முதலாகக் கேட்கும் பத்து வயதுப் பிள்ளை, அவர் பாடாத ஒன்றை அவர் பாடியதாகவே நினைத்துக்கொள்ளும். வேறொருவர் பாடினால் அது நடிப்பு என்று அந்தப் பிள்ளைக்கும் தெரியும்.

அனுமதி யாரிடம்?

'சம்கீலா' வெளியாகும் முன்பே, அவர் வாழ்க்கையைப் படமாக்கும் உரிமை யாருக்கு என்ற வழக்கு லூதியானா நீதிமன்றத்தில் வந்தது. நம் ஊரில் சட்டம் ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. பொது ஆவணங்களில் உள்ள தகவல்களை வைத்து ஒருவரின் வாழ்க்கையை எழுத அனுமதி தேவையில்லை என்று ஆட்டோ சங்கர் வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜெயலலிதா பற்றிய 'தலைவி' படத்துக்கு எதிரான வழக்கில், ஒருவரின் அந்தரங்க உரிமை அவர் மறைவோடு முடிந்துவிடுகிறது என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது.

பழைய இசைத்தட்டுகளுக்கும் வழி இருக்கிறது. ஒலிப்பதிவின் காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்து 60 ஆண்டுகள்தான். கிட்டப்பா காலத்துத் தட்டுகள் அதை எப்போதோ தாண்டிவிட்டன. பாட்டெழுதியவர், மெட்டமைத்தவர் உரிமையை மட்டும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அது அவர்கள் மறைந்து 60 ஆண்டுகள் வரை நீடிக்கும்.

ஆனால், சட்டம் விட்டாலும் மனசாட்சி விடக் கூடாத இடம் ஒன்று உண்டு: கிட்டப்பாவின் முதல் மனைவி. காதல் கதைக்குச் சுவை கூட்ட அவரை வில்லியாக்கிவிடுவது மிகச் சுலபம். 1979 எல்விஸ் படம், அவருடைய கடைசிக்காலச் சரிவையும் மரணத்தையும் காட்டாமல் நிறுத்திக்கொண்டது. 'சம்கீலா' மரணத்தில்தான் தொடங்கியது. எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்பது இயக்குநர் உரிமை. வாயில்லாதவர் மேல் பழி போடுவது உரிமையல்ல.

பேசும் குரலும் குரல்தான்

இன்னொன்று. தமிழ் சினிமாவில் கொங்குத் தமிழ் என்றால் பெரும்பாலும் காமெடிக்குத்தான். கோவை சரளா, மணிவண்ணன், சத்யராஜ் புண்ணியத்தில் நாம் அதைக் கேட்டுச் சிரித்துச் சிரித்தே பழகிவிட்டோம். சுந்தராம்பாள் கதையை எடுத்தால், கொடுமுடி வீட்டுக்குள் பேசும் பேச்சு "ஏனுங்க, வாங்க" என்று அந்த மண்ணின் பேச்சாக இருக்க வேண்டும்; அழுகையும் அதே பேச்சில் வர வேண்டும். மேடை ஏறியதும் நாடகத் தமிழுக்கு மாற வேண்டும். அந்த ஒரு மாற்றத்திலேயே அவர் கடந்து வந்த தூரம் தெரிந்துவிடும்.

எடுப்பதற்கு இடமும் இங்கேயே உண்டு. சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜா ஸ்டூடியோவும் கோவையைத் திரைநகரமாக்கிய காலம் ஒன்று இருந்தது. தியாகராஜ பாகவதரின் 'சிவகவி'யும் எம்.ஜி.ஆரின் 'மலைக்கள்ள'னும் அந்தக் காலத்துக் கோவைத் தயாரிப்புகள். இன்றைக்கும் கோபிச்செட்டிபாளையமும் பொள்ளாச்சியும் கேமராவுக்குப் பழகிய ஊர்கள்தான்.

நம் வீட்டுப் பெரியவர்கள் சிலருக்கு சுந்தராம்பாளின் குரல் இன்னும் காதில் இருக்கிறது. திரையில் பாடுவது சரியா, பொய்யா என்று சொல்லக் கூடிய கடைசி நடுவர்கள் அவர்கள்தான். எடுப்பதாக இருந்தால், அவர்கள் உட்கார்ந்து கேட்கும் காலத்திலேயே எடுத்துவிட வேண்டும்.