தொண்டு பயிலும் மாணாக்கர்

ஏழை எளியவர்க்குத் தொண்டு புரிய இரக்கமுள்ள நெஞ்சு ஒன்றே போதும் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். இரக்கம் வேண்டுவதே. ஆனால் அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் ஒருவர், தாம் அறியாத ஒரு சமூகத்தாரின் வீட்டு வாசலில் இரக்கத்தை மட்டும் துணையாகக் கொண்டு போய் நின்றால் விளையும் தீங்கு எத்தகையது என்பதை, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கறுப்பு மக்கள் தங்கள் வாழ்க்கையிலே கண்டிருக்கின்றனர். அத்தீங்கைத் தடுக்க அவர்கள் கையாண்ட வழிகளுள் ஒன்று, சமூகத் தொண்டு பயிலும் மாணாக்கரைத் தங்கள் தெருக்களிலேயே வைத்துப் பயிற்றுவித்தலாகும். அதன் வரலாற்றை நமது தேசத் தொண்டர்கள் அறிதல் நலமென்று கருதி இங்கு எழுதுகிறோம்.

அந்நாட்டில் சமூகத் தொண்டு என்பது வைத்தியத்தையும் வக்கீல் தொழிலையும் போலச் சர்வகலாசாலையில் கற்றுத் தேறவேண்டிய ஒரு தொழில். புத்தகப் படிப்போடு அது முடிந்துவிடுவதில்லை. முதற் பட்டம் பெற விரும்புவோர் குறைந்தபட்சம் 400 மணி நேரமும், அதற்கு மேற்பட்ட பட்டம் பெற விரும்புவோர் 900 மணி நேரமும் களத்திலே வேலை செய்தாக வேண்டும் என்பது விதி. பள்ளிக்கூடங்கள், ஆஸ்பத்திரிகள், சிறுவர் நியாயஸ்தலங்கள், குழந்தைப் பாதுகாப்பு இலாகாக்கள் ஆகியவற்றுக்கு மாணாக்கர் அனுப்பப்படுகின்றனர். அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில் அவர்கள் குடும்பங்களைக் கண்டு பேசி, கண்டதைக் குறிப்பெழுதி வைக்கின்றனர். ஒரு தாய் குழந்தையை வளர்க்கத் தகுதியுடையவளா, ஒரு சிறுவனை வீட்டில் விடலாமா என்ற கேள்விகளுக்கு அத்தகைய குறிப்புகளிலிருந்தே விடை காணப்படுகிறது. இருபத்திரண்டு வயது நிரம்பிய ஒருவரின் பேனா முனையில் ஒரு குடும்பத்தின் கதி தொங்குகிறதென்றால், அப்பயிற்சி எத்துணைப் பொறுப்பு வாய்ந்தது என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்வதிகாரம் எவ்வாறு பிரயோகிக்கப்பட்டது என்பதற்கு ஓர் உதாரணம் கூறுவோம். 1960-ம் வருஷத்தில் லூயிஸியானா மாகாண சர்க்கார், மணமாகாமல் குழந்தை பெற்ற தாய்மாரின் இல்லங்கள் தகுதியற்றவை என்று காரணங் காட்டிச் சுமார் 23,000 குழந்தைகளுக்கு அளித்து வந்த உதவிப் பணத்தை நிறுத்திவிட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கறுப்புக் குழந்தைகள். வேறு பல இடங்களில், உதவி பெறும் தாயின் வீட்டில் ஆடவர் எவரேனும் தங்கியிருக்கிறாரா என்று பார்க்க நடுநிசியில் கதவைத் தட்டிச் சோதனை போடும் வழக்கமும் இருந்தது. அவ்வாறு ஓர் ஆடவரின் தொடர்பு இருப்பின் குழந்தைகளின் உதவியை நிறுத்துவதற்கு அலபாமா மாகாணம் வைத்திருந்த விதியை, 1968-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு செல்லாதென்று தள்ளியது. கதவைத் தட்டியவர்கள் முரடர்களல்லர். உதவி புரியவென்றே நியமிக்கப்பட்ட உத்தியோகஸ்தர்கள்!

அந்நிலை இன்று மாறிவிட்டதா எனின், முற்றும் மாறவில்லை. அமெரிக்கக் குழந்தைகளுள் ஏறக்குறைய ஏழில் ஒருவர் கறுப்புக் குழந்தை. ஆனால் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு சர்க்கார் பொறுப்பில் பிறரிடம் வளர்வோருள் ஐந்தில் ஒருவருக்கு மேல் கறுப்புக் குழந்தைகளாயிருக்கின்றனர். பெட்டியில் உணவில்லாமையும், குளிருக்கு அடுப்பில்லாமையும், தாய் இரவில் வேலைக்குச் செல்வதும் வறுமையின் அடையாளங்கள். அவற்றைத் தாயின் அலட்சியம் என்று எழுதிவிடுவது, அவ்வாழ்க்கையை அறியாதவர்க்கு மிக எளிது.

இவ்வுண்மையைக் கறுப்பு மக்களின் தலைவர்கள் நூறாண்டுகளுக்கு முன்பே உணர்ந்தனர். 1908-ல் லுஜீனியா பர்ன்ஸ் ஹோப் என்னும் அம்மையார் அட்லாண்டா நகரில் அண்டை வீட்டாரைச் சேர்த்து ஒரு சங்கம் நிறுவினார். அச்சங்கத்து ஸ்திரீகள் வீடு வீடாகச் சென்று நோயையும் குறையையும் விசாரித்தறிந்தனர். வைத்தியசாலையும் விளையாட்டிடமும் ஏற்படுத்தினர். நாஷ்வில் நகரிலுள்ள பிஸ்க் கலாசாலையில் 1910 முதல் ஜார்ஜ் எட்மண்ட் ஹேன்ஸ் என்னும் அறிஞர் கறுப்பு மாணாக்கர்க்குச் சமூகத் தொண்டு கற்பிக்கலானார். அம்மாணாக்கர் அந்நகரத்துப் பெத்லகேம் நிலையத்தில் களப்பயிற்சி பெற்றனர். அவர் முன்னின்று தோற்றுவித்த நகரச் சங்கம், கறுப்பு வாலிபர் இத்தொழிலைக் கற்பதற்கு உபகாரச் சம்பளமும் அளித்து வந்தது.

தென் மாகாணங்களில் வெள்ளையர் கலாசாலைகளின் கதவு கறுப்பர்க்கு அடைபட்டிருந்த காலத்தில், 1920-ல் அட்லாண்டாவில் அவர்களுக்கென்றே ஒரு சமூகத் தொண்டுப் பள்ளி தோன்றியது. 1922 முதல் அதனை நடத்திய பிராங்க்ளின் பிரேஸியர், இனத்துவேஷம் ஒருவகைச் சித்தப்பிரமையே என்று எழுதியதற்காக 1927-ல் அந்நகரை விட்டே வெளியேற நேர்ந்தது. அவருக்குப் பின் வந்த பாரஸ்டர் வாஷிங்டன் 1954 வரை அதன் தலைவராயிருந்தார். கறுப்பு மக்கள் வாழும் நிலைமை தனிப்பட்டதாதலின், அவர்களிடையே தொண்டு செய்வோர்க்கு வழக்கமான படிப்போடு அந்நிலைமையைப் பற்றிய தனிப் பயிற்சியும் வேண்டும் என்பது அவர் கொள்கை. அவரை அடுத்துத் தலைமை வகித்த விட்னி யங் பின்னர் நகரச் சங்கத்தின் தலைவராகி நாடறிந்தவரானார். அப்பள்ளி இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

1968-ல் கறுப்புத் தொண்டர்கள் சான் பிரான்ஸிஸ்கோவில் கூடித் தமக்கென ஒரு தேசியச் சங்கம் கண்டனர். கறுப்புக் குழந்தைகளை வெள்ளையர் குடும்பங்களில் தத்துக் கொடுப்பதை 1972-ல் அச்சங்கம் வன்மையாக எதிர்த்தது. அவ்வெதிர்ப்பை எல்லோரும் ஒப்புக்கொண்டாரில்லை. ஆயினும் அதன் அடியிலிருந்த கேள்வி நியாயமானது. பாட்டியும் அத்தையும் சிற்றன்னையும் இருக்க, அவர்களை முதலிற் கேளாமல் குழந்தையை அந்நியரிடம் ஒப்புவிப்பானேன்? கூட்டுக் குடும்பத்தின் பயனை அறிந்த நமக்கு இக்கேள்வியின் நியாயத்தை விளக்கிக் கூற வேண்டுவதில்லை.

அங்ஙனமாயின், கறுப்பர்க்குக் கறுப்பரே தொண்டு செய்ய வேண்டுமோ என்று கேட்பாருமுளர். நாம் அவ்வாறு கூறவில்லை. எவ்வினத்து மாணாக்கரும் செல்லலாம். ஆனால் அவரை மேற்பார்ப்பவர் அச்சமூகத்தை உள்ளிருந்து அறிந்தவராயிருத்தல் வேண்டும். மாணாக்கர் எழுதும் குறிப்பு எந்தக் குடும்பத்தைப் பற்றியதோ, அக்குடும்பத்தார் அதனைக் கேட்டு மறுமொழி கூற இடமிருத்தல் வேண்டும். கேள்வி கேட்கும் உரிமை ஒருவர்க்கும், விடை கூறும் கடமை மற்றவர்க்கும் என்று பிரித்து வைத்தால், அது தொண்டாகாது, விசாரணையே ஆகும்.

இன்னுமொரு குறையும் உண்டு. இப்பயிற்சிக் காலத்துக்குப் பெரும்பாலும் ஊதியம் இல்லை. 900 மணி நேரம் ஊதியமின்றி உழைக்கக் கூடியவர் யார்? தந்தையின் பொருளுதவி உள்ளவரே. பகலில் களத்திலும் இரவில் கூலிக்கும் உழைக்கும் ஏழை மாணாக்கர் பாதியிலே படிப்பை நிறுத்த நேர்கிறது. அத்தெருக்களிலே பிறந்து, அம்மக்களின் மொழியையும் மௌனத்தையும் ஒருங்கே அறிந்தவரை இத்தொழிலுக்குள் வரவொட்டாமல் தடுத்துவிட்டு, பிறகு தக்க தொண்டர் கிடைக்கவில்லையே என்று வருந்துவதில் பயனென்ன? ஆஸ்திரேலிய சர்க்கார் 2025 ஜூலை முதல் இத்தகைய மாணாக்கருள் தேவையுள்ளோர்க்குப் பயிற்சிக் கால உதவிப் பணம் அளிக்கத் தொடங்கியுள்ளனர். நகரச் சங்கத்தார் நூறாண்டுகளுக்கு முன் உபகாரச் சம்பளம் அளித்ததும் இதே காரணம் பற்றியதன்றோ?

பயிற்சியின் கால அளவும் யோசிக்கத் தக்கது. பள்ளி வருஷம் முடிந்ததும் மாணாக்கர் பட்டம் பெற்றுச் சென்றுவிடுகிறார். தந்தையைச் சிறையிலும் தமையனைத் தெருச் சண்டையிலும் இழந்த ஒரு சிறுவன், பல மாதங்கள் தயங்கித் தயங்கி ஒருவரை நம்பத் துணியும் தறுவாயில், அவரும் விடைபெற்றுப் போய்விடுகிறார். அடுத்த வருஷம் வேறொருவர் வந்து அதே கேள்விகளைக் கேட்கிறார். ஆகவே மாணாக்கர் மாறினும் மாறாமல் நிற்கும் உள்ளூர்ச் சங்கம் ஒன்று அவசியம். ஹோப் அம்மையார் தம் அண்டை வீட்டாரைக் கொண்டு கட்டியது அத்தகைய சங்கமே.

கள வேலையின் மூலம் தொண்டு கற்பிக்கும் முறை நம் தேசத்துக்கும் அமெரிக்காவிலிருந்தே வந்தது. பம்பாயில் நாகபாடா பகுதியில் தொண்டு நிலையம் நடத்திய கிளிபர்ட் மான்ஷார்ட் என்னும் அமெரிக்கரே 1936-ல் டாட்டா தர்ம நிதியின் உதவியால் தோன்றிய தொண்டுக் கலாசாலைக்கு முதல் தலைவர். முறையைக் கடன் வாங்கிய நாம், அம்முறையால் துன்புற்றோர் கற்பித்த பாடத்தையும் சேர்த்துக் கொள்ளுதல் கடமை. சேரிக்கும் குப்பத்துக்கும் மாணாக்கரை அனுப்பும் கலாசாலையார், அங்குள்ள ஜனங்களுள் மேற்பார்வையாளர் எத்தனை பேர், அங்கிருந்து வந்து பயிலும் மாணாக்கர்க்கு உபகாரச் சம்பளம் எவ்வளவு, பள்ளி வருஷம் முடிந்த பின் அங்கே எஞ்சி நிற்பது யாது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை கூறட்டும். அவ்விடைகளைக் கேட்டுப் பெறுவது தேசத் தொண்டர் ஒவ்வொருவரின் பொறுப்புமாகும்.