நடுவில் ஒரு பெட்டி

புஷ்பக் விமானத்துக்குள் இரண்டு பேர் உட்கார்ந்தால் தோளோடு தோள் உரசும். 1958-ல் பெங்களூரில் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் பறக்கவிட்ட அந்தச் சின்ன விமானத்தில்தான் நாட்டின் ஃப்ளையிங் கிளப் மாணவர்கள் பலர் பறக்கப் பழகினார்கள். இரும்புக் குழாய்ச் சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி, மூக்கில் 90 குதிரைத்திறன் எஞ்சின். பறப்பவர் கையில் கொண்டுபோனதும் கொஞ்சம்தான்: மடித்த வரைபடம், பென்சில், அளவுகோல், தொடையில் கட்டிக்கொள்ள ஒரு சின்னப் பலகை. வரைபடம் தொடைமேல், பென்சில் சட்டைப் பையில். வேறு பெட்டி எதற்கு?

இன்று அதே அளவு விமானத்தில் ஏறுகிறவரின் பையைத் திறந்து பாருங்கள். வரைபடமெல்லாம் டேப்லெட்டுக்குள் போய்விட்டது. டேப்லெட் நின்றுபோனால் கைகொடுக்க மொபைல், இரண்டுக்கும் சார்ஜ் ஏற்ற பவர் பேங்க், வயர்கள். ஹெட்செட், கையடக்க ரேடியோ, எரிபொருளில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பிடித்துப் பார்க்கும் குப்பி, கூலிங் கிளாஸ், தண்ணீர் பாட்டில். பொருள் பெருகிவிட்டது, அகலம் பெருகவில்லை. தானே கட்டிப் பறக்கிறவர்களிடையே உலகம் முழுக்கப் பேர்பெற்ற வேன்ஸ் ஆர்.வி. வகை விமானங்களில், இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் மாடலின் உள்ளகலம் சுமார் 43 அங்குலம். ஒன்றேகால் கஜம்கூட இல்லை. அதற்குள் இரண்டு உடம்பு, நான்கு முழங்கை, இரண்டு கட்டுப்பாட்டுக் கம்பி. மிச்சம் இருப்பது இரண்டு இருக்கைக்கும் நடுவே உள்ள சந்துதான். அந்தச் சந்தில் ஒரு பெட்டி வைக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள், பலர் செய்தும் விடுகிறார்கள்.

இதை நான் கொங்கு நாட்டிலிருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. விமானம் கோவைக்குப் புதிதல்ல. பீளமேட்டு விமானத்தளம் 1940-ல் வந்தது. 'சிவில் ஏரோடிராம்' என்ற பழைய பெயர் அந்தப் பகுதியின் தபால் முகவரியில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்துச் சூலூருக்குத் தேஜஸ் போர்விமானப் படைப்பிரிவுகள் இரண்டு வந்தன. 2018-ல் ஒன்று, 2020-ல் இன்னொன்று. ஆனால் என் மனதில் இருப்பது அவை அல்ல. வண்டிக்குள் மனிதன் உட்காரும் இடத்தை அளந்து கட்டும் கை இந்த மண்ணில் மூன்று நான்கு தலைமுறையாக இருக்கிறது. அந்தக் கை நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் கரூரிலும் இருக்கிறது.

லாரியின் வெறும் சேஸிஸை ஓட்டி வருகிறவரை நெடுஞ்சாலையில் பார்த்தவர்களுக்குத் தெரியும். கதவில்லை, கூரையில்லை. ஒரு தற்காலிக இருக்கையில், வெயிலுக்கும் தூசிக்கும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வருவார். அந்த எலும்புக்கூடு பாடி கட்டும் பட்டறைக்குள் போய், சில வாரம் கழித்து வெளியே வரும்போது அது ஒரு வீடு. பழைய லாரியில் எஞ்சின் பாதி கேபினுக்குள் புடைத்துக்கொண்டிருக்கும். டிரைவருக்கும் கிளீனருக்கும் நடுவே இருந்த அந்த மேடுதான் அன்றைய நடுப்பெட்டி. மெத்தை விரிப்பது அதன்மேல், சாப்பாட்டுத் தூக்கை வைப்பது அதன்மேல், எஞ்சின் சூட்டில் சோறு ஆறாமல் இருக்கும். காகிதம் வைக்க மேலே ஒரு பலகை, சாமி படத்துக்கு முன்னால் ஒரு மாடம், சாவியும் ஸ்பேனரும் போட சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டி. ஆசாரி காகிதத்தில் வரைந்தா செய்தார்? "அண்ணா, ஒருக்கா ஏறி உக்காருங்க. கை எங்க வருதுங்க?" என்று கேட்பார். கை வந்த இடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு. அதுதான் வரைபடம்.

அந்தப் பழக்கத்தின் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. கலங்கல் கிராமத்தில் பிறந்த ஜி.டி. நாயுடு இளவயதில் ஒரு வெள்ளைக்காரர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, உழைத்துச் சேர்த்த பணத்தில் அதை வாங்கி, ஓட்டுவதற்கு முன் அக்கக்காகப் பிரித்துத் திரும்பப் பூட்டிய கதை இங்கே குழந்தைக்கும் தெரியும். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டவர் அவர். பிரித்துப் பார், பூட்டிப் பார், உனக்கு வேண்டியபடி மாற்று: கோவைப் பட்டறைகளின் பாடத்திட்டம் அதுதான்.

தானே விமானம் கட்டுகிறவரும் அதே பாடத்தைத்தான் படிக்கிறார். அமெரிக்காவில் 1953-ல் பால் போபெரெஸ்னி தொடங்கிய இ.ஏ.ஏ. சங்கம் வீட்டுக் கொட்டகைகளில் விமானம் கட்டுகிறவர்களை ஒன்று சேர்த்தது. பாதிக்கு மேற்பட்ட வேலையைத் தன் கையால் செய்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. நம் நாட்டில் இந்த ஆசைக்கு மிகப் பெரிய விலை கொடுத்தவர் மும்பை விமானி அமோல் யாதவ். அடுக்குமாடியின் மொட்டைமாடியில் ஆறு பேர் உட்காரும் விமானத்தைக் கட்டினார். 2016-ல் அது மேக் இன் இந்தியா கண்காட்சியில் நின்றது. பதிவெண் கிடைக்க 2017 ஆயிற்று. கட்டுவதைவிடக் காகிதத்துக்குத்தான் அதிகம் போராடினார் என்று சொல்வது மிகையல்ல.

மாற்றி அமைக்கும் உரிமைக்கு ஒரு விலை உண்டு. அதைச் சொல்லாமல் நடுப்பெட்டியைப் பற்றிப் பேசக் கூடாது. 1997 அக்டோபர் 12-ம் தேதி கலிபோர்னியாவில் மான்டெரே விரிகுடாவில் விழுந்து இறந்த பாடகர் ஜான் டென்வர் ஓட்டியது லாங்-ஈஸி என்ற, தனியார் ஒருவர் கட்டிய விமானம். எந்த டாங்கிலிருந்து எரிபொருள் வர வேண்டும் என்று திருப்பும் குமிழ், மூல வரைபடப்படி விமானியின் கால்களுக்கு நடுவே, கண்ணுக்கு நேரே இருக்க வேண்டியது. கட்டியவர் அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் மாற்றிவிட்டார். திருப்ப வேண்டுமானால் உடம்பையே திருப்ப வேண்டும். அப்படித் திரும்பியபோது கால் தன்னையறியாமல் சுக்கான் மிதியை அழுத்தியிருக்கலாம் என்பது விசாரணையில் வெளிவந்த முடிவு. ஒரு குமிழ் இருந்த இடம் ஓர் உயிரைக் கொண்டுபோனது.

அதே லாங்-ஈஸியை அடிப்படையாகக் கொண்டுதான் பெங்களூர் என்.ஏ.எல். ஆய்வகம் 1987-ல் ஃபைபர் உடல் கொண்ட தன் ஆய்வு விமானத்தைப் பறக்கவிட்டது. அந்தக் கைப்பழக்கத்திலிருந்து ஹன்சா வந்தது, 1993-ல். இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் பயிற்சி விமானம். நம் எல்லையில், ஓசூர் பக்கத்து பேளகொண்டப்பள்ளியில் உள்ள தனேஜா விமான ஆலையில் ஹன்சாக்கள் உருவாகியிருக்கின்றன. 2021-ல் பறந்த புதிய ஹன்சாவில் கடிகார முகங்களுக்குப் பதில் கண்ணாடித் திரை.

சரி, பெட்டியை எப்படிச் செய்கிறார்கள்? ஆர்.வி. வகையில் அந்தச் சந்து காலி இடம் அல்ல. தரையில் எரிபொருள் குமிழ் இருக்கிறது, குழாய்கள் போகின்றன, மின்பம்ப் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே முதல் வேலை, இருக்கையில் ஏறி பெல்ட்டை இறுக்கிக்கொண்டு உட்காருவது. கட்டுப்பாட்டுக் கம்பியை இடமும் வலமும் கடைசி வரை தள்ளிப் பார்க்கிறார்கள், பக்கத்தில் கனமான ஆளை உட்கார வைத்து இன்னொரு முறை. பிறகு அட்டை. பழைய பார்சல் அட்டையை வெட்டி, டேப் ஒட்டி, நடுவில் நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு குமிழைத் தொட முடிகிறதா என்று பார்க்கிறார்கள். முடியாவிட்டால் அட்டை குப்பைக்குப் போகும். மூன்றாவது, நான்காவது அட்டைதான் பெரும்பாலும் நிற்கும். பிறகு 0.8 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு. மடித்து, ஓரத்தின் பிசிறை அரத்தால் நீவி, ரிவிட் அடிக்கிறார்கள். தரையோடு ரிவிட் அடிக்கக் கூடாது; திருகாணிதான். ஆண்டுச் சோதனையில் அடியிலுள்ள பம்ப்பைப் பார்க்க, பெட்டி கழன்று வர வேண்டும்.

ஆசாரியின் சுண்ணக்கோட்டையும் இந்த அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இரண்டும் ஒரே வேலை. உட்காருகிற உடம்புதான் அளவுகோல்.

வித்தியாசம் அதற்குப் பிறகு வருகிறது. லாரியில் பெட்டி ஒரு கிலோ கூடினால் யாரும் கவலைப்படுவதில்லை. விமானத்தில் அதைத் தராசில் வைத்து, எடை எவ்வளவு, எந்தப் புள்ளியிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கேட்டில் எழுதுகிறார்கள். எடையைத் தூரத்தால் பெருக்கினால்தான் விமானம் எந்தப் பக்கம் சாயும் என்று தெரியும். நடுப்பெட்டியின் நல்ல குணம் இங்கேதான் இருக்கிறது: சமநிலைப் புள்ளிக்கு அருகே இருப்பதால் அது விமானத்தை அதிகம் சாய்ப்பதில்லை. அதே பொருளை இருக்கைக்குப் பின்னால் போட்டால் வால் கனக்கும்.

அடுத்த கணக்கு, மோதினால் என்ன ஆகும் என்பது. சிறு விமானங்களுக்கான அமெரிக்க விதி, முன்பக்க மோதலில் 9 மடங்கு எடையை அடிப்படையாகக் கொண்டிருந்தது. கேபினுக்குள் இருக்கும் பொருளுக்குப் பின்னாளில் அது 18 மடங்கானது. ஒரு கிலோ பெட்டி, உள்ளே ஒரு கிலோ பொருள் என்றால் 9 மடங்கில் 18 கிலோ, 18 மடங்கில் 36 கிலோ. இரண்டு சின்னத் திருகாணி அதைப் பிடிக்குமா? மூடிக்குத் தாழ்ப்பாள் இல்லாவிட்டால் தண்ணீர் பாட்டில் என்ன ஆகும்? கீழே விழுந்த ஒரு பேனா கட்டுப்பாட்டுக் கம்பியின் அடியில் சிக்கிக்கொள்ளக் கூடும். காந்த மூடி உள்ள மொபைல் உறையைத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் ஊசி பொய் சொல்லும். இந்தக் கேள்விகளைக் கேட்காமல் செய்த பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

இப்போது கம்ப்யூட்டரில் வரைந்து, 3டி பிரின்டரில் அச்சிட்டு ஒரே ராத்திரியில் பெட்டி வந்துவிடுகிறது. நல்லதுதான். ஆனால் அச்சிட எளிதான பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரிக்குள் இளகிவிடும். கண்ணாடிக் கூரை போட்ட விமானத்தைச் சித்திரை வெயிலில் நிறுத்திப் பாருங்கள், உள்ளே கை வைக்க முடியாது. திரை அதைச் சொல்லாது. வெயிலில் நின்று வேலை செய்தவருக்குத்தான் தெரியும்.

கவலை எனக்கு இங்கேதான். நாமக்கல்லிலும் காலம் மாறிவிட்டது. லாரிகள் இன்று ஆலையிலேயே கேபினோடு வருகின்றன. 2025 அக்டோபர் முதல் தேதிக்குப் பிறகு செய்யும் லாரிகளின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். டிரைவரின் உடம்புக்கு நல்லது, இதற்காக வருத்தப்பட ஒன்றும் இல்லை. பஸ் பாடிக்கும் லாரி பாடிக்கும் மத்திய அரசின் தரவிதிகள் வந்ததால் கண்ணளவில் கட்டும் காலம் முடிந்தது. அதுவும் உயிரைக் காப்பதற்குத்தான். ஆனால் "கை எங்க வருதுங்க?" என்று கேட்கத் தெரிந்த ஆட்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. இந்தப் பக்கம் கோவையின் பொறியியல் கல்லூரிகளில் ஏரோநாட்டிகல் படிக்கும் பிள்ளைகள் கணக்கை நன்றாகப் போடுகிறார்கள். 9 மடங்கும் 18 மடங்கும் அவர்களுக்கு மனப்பாடம். ஒரு தகட்டை மடித்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்கை இடிக்கிறதா என்று பார்த்தவர்கள் எத்தனை பேர்?

கோவைக் கல்லூரித் துறைத்தலைவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். ஒட்டுப்பலகையில் 43 அங்குல அகலத்துக்கு ஒரு மாதிரிக் காக்பிட் செய்யுங்கள். அதற்கு ஒரு நல்ல தச்சர் போதும். நடுவில் ஒரு பெட்டி வைக்கும் வேலையை மூன்றாமாண்டு மாணவர்களிடம் கொடுங்கள். எடைக்கணக்கைப் பேராசிரியர் பார்க்கட்டும். பெட்டியைத் தேர்வதற்கு நாமக்கல்லிலிருந்து ஒரு வயதான பாடி மேஸ்திரியை, போக்குவரத்துச் செலவும் மரியாதையான சம்பளமும் கொடுத்து, ஒரு நாள் அழைத்து வாருங்கள்.