ஏழாம் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது?

"அக்கா, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன். எனக்குத் தலைகால் புரியலை."

சென்ற பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை. செஞ்சியில் வெள்ளிக்கிழமை என்றால் வாரச்சந்தை. வெயிலில் நடந்து வந்து காய்கறிக் கூடையைக்கூட நான் இறக்கி வைக்கவில்லை, எதிரே வந்து நின்றாள் என் ஓர்ப்படி. கொழுந்தனாரின் மனைவி. அவர் சென்னையில் வேலை பார்க்கிறார். இவளும் நாலு வயதுப் பெண் குழந்தையும் எங்களோடு இருக்கிறார்கள். கையில் ஒரு கத்தைக் காகிதம். எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு பக்கம்!

அவளுக்குப் பல வருடங்களாக ஒற்றைத் தலைவலி. எங்கள் ஊரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறை மலைதான். பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி வெகு நேரம் வரை நம் மேலேயே கக்கிக்கொண்டிருக்கும். அந்த நாட்களில் வாரத்துக்கு இரண்டு தடவையாவது, ஜன்னலை எல்லாம் சாத்திக்கொண்டு, தலையில் துண்டை இறுக்கிக் கட்டி, வாந்தி எடுத்தபடி படுத்திருப்பாள். "தலைவலிதானே" என்று சொல்கிறவர்கள் ஒரு தடவை அவளைப் பார்க்க வேண்டும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக வருகிறதாம். அதனால்தானோ என்னவோ, வீட்டில் இதை யாரும் ஒரு வியாதியாகவே மதிப்பதில்லை.

புதுச்சேரிப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிக்கொண்டிருந்தோம். அங்கேதான் கேட்டிருக்கிறார்கள்: "தலைவலி வராமல் தடுக்க ஒரு புது மாத்திரையைச் சோதித்துப் பார்க்கிறோம். நீங்களும் சேருகிறீர்களா? வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்லுங்கள்." இதைத்தான் கிளினிகல் டிரயல் என்கிறார்கள். அதற்கான காகிதம்தான் அந்தப் பன்னிரண்டு பக்கம்.

அதற்குள் விஷயம் அத்தையின் காதுக்குப் போய்விட்டது. திண்ணையிலிருந்தே குரல் கொடுத்தார்: "எலிக்கு ஊசி போட்டுப் பாக்கறாப்பல நம்மளையும் பாக்கறாங்களா? ஏழை பாழைன்னா அவ்வளவு இளக்காரமா? ஒண்ணும் வேணாம், கிழிச்சுப் போடு!"

நான் கிழிக்கவில்லை. அத்தைக்கு உடனே பதிலும் சொல்லவில்லை. (மாமியாருக்கு உடனே பதில் சொல்லக் கூடாது என்பதை இருபது வருடத்தில் கற்றுக்கொண்டிருக்கிறேன்.) ராத்திரி எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, அவர் அடிக்கடி சொல்லும் கதையையே அவரிடம் ஆரம்பித்தேன்.

அத்தையின் சித்திக்கு அந்தக் காலத்தில் டி.பி. பட்டணத்துப் பக்கம் ஒரு சானடோரியத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஒன்றரை வருடம் கழித்துக் குணமாகித் திரும்பி வந்தபோது, விட்டுவிட்டுப் போன கைக்குழந்தை நடக்கிற பிள்ளையாகி இருந்தது. அம்மாவைப் பார்த்ததும் அலறிக்கொண்டு பாட்டியின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டதாம். "பெத்தவளுக்கு அன்னிக்கு வந்த அழுகை, டி.பி. வந்தப்பக்கூட வரலை" என்பார் அத்தை.

"இப்போ டி.பி. வந்தா அப்படிப் பிள்ளையை விட்டுட்டுப் போக வேணாமே அத்தை, வீட்டிலேயே இருந்து மாத்திரை சாப்பிடறாங்களே, அது எப்படின்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

சகோதரிகளே, உங்களில் பலருக்கும் இது தெரிந்திருக்காது. நம் சென்னையில் நடந்த ஒரு பரிசோதனை உலகத்தின் வழக்கத்தையே மாற்றியது.

1956-ம் வருடம். சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சைக்கென்று ஒரு மையம் ஆரம்பித்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லாம் சேர்ந்து நடத்தியது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் அதற்கு வழிகாட்டி. அப்போது காசநோய் என்றால் ஓய்வு, நல்ல காற்று, பால், முட்டை, சானடோரியம், இதுதான் வைத்தியம் என்று உலகமே நம்பியது. ஆனால் நம் நாட்டில் இருந்த நோயாளிகளுக்கு அத்தனை கட்டிலுக்கு எங்கே போவது? புதிதாக நல்ல மருந்துகள் வந்திருந்தன. அவற்றை வீட்டில் வைத்தே கொடுத்தால் போதாதா என்பதுதான் கேள்வி.

193 நோயாளிகள், சென்னையின் நெருக்கடியான ஏழைக் குடியிருப்புகளிலிருந்து வந்தவர்கள். இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதை டாக்டரும் முடிவு செய்யவில்லை, நோயாளியும் முடிவு செய்யவில்லை. திருவுளச் சீட்டு மாதிரிதான்! டாக்டரே தேர்ந்தெடுத்தால் நோய் கடுமையானவர்களை சானடோரியத்துக்கு அனுப்பிவிடுவார். அப்புறம் ஒப்பிட்டுப் பார்ப்பதில் அர்த்தம் இருக்காது. இரு பிரிவுக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம்: ஐசோநியாசிட், அதோடு பி.ஏ.எஸ். இந்த பி.ஏ.எஸ். வயிற்றைப் புரட்டும். அதை நாள் தவறாமல் ஒரு வருடம் விழுங்கினார்களே, அந்தப் பொறுமையை என்னவென்று சொல்வது!

சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்ஸ் கவனிப்பு. வீட்டிலிருந்தவர்களுக்கு இவை ஒன்றும் கிடையாது. வாராவாரம் மையத்துக்கு வந்து மருந்து வாங்கிப் போவார்கள். மீதி மருந்தை எண்ணிப் பார்க்க, சிறுநீரைச் சோதிக்க, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு ஆள் வரும்.

முடிவு 1959-ல் வெளியானது. ஒரு வருடம் முடிந்தபோது சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தவர்களில்? நூற்றுக்கு 86 பேருக்கு! அதைவிட முக்கியமாக, ஒரே வீட்டில் இருந்த குழந்தைகளுக்கும் மற்றவர்களுக்கும் அதனால் அதிகமாக நோய் தொற்றிவிடவில்லை. மருந்து ஆரம்பிப்பதற்கு முன்னால் தொற்றுவதுதான் பெரிய ஆபத்து என்று தெரிந்தது. அதன் பிறகுதான் பல நாடுகளில் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சேத்துப்பட்டு மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக அதே இடத்தில் இருக்கிறது.

அத்தை வெற்றிலையை மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "அப்போ அந்த நூத்திச் சொச்சம் பேரு சரின்னு சொன்னதாலதான், இப்போ பொம்பளைங்க பிள்ளையை விட்டுட்டுப் போகாம இருக்காங்களா?" என்றார். ஆமாம் என்றேன். ஒன்றும் பேசவில்லை, வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார்.

சின்னவளுக்கு இன்னொன்றும் சொன்னேன். அவள் பெண்ணுக்கு ஆறாவது வாரத்திலிருந்து ரோட்டா சொட்டு மருந்து கொடுத்தோமே, வயிற்றுப்போக்கு முற்றாமல் இருக்க? அதுவும் இப்படித்தான். 2011, 2012 வருடங்களில் டில்லி, புனே, நம் வேலூர் மூன்று இடங்களிலும் சேர்த்து 6,799 குழந்தைகளை அவர்களின் தாய்மார்கள் சோதனைக்குக் கொடுத்தார்கள். மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்கு மருந்தில்லாத வெறும் சொட்டு. கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கில் பாதிக்கு மேல் தடுக்கப்பட்டது என்று தெரிந்த பிறகே 2016-லிருந்து அரசாங்கத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்தார்கள்.

அத்தைக்கு வந்த பயம் வெறும் பயமா?

இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். 2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும், 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி போட்டு ஒரு திட்டம் நடத்தினார்கள். சில சிறுமிகள் இறந்ததும் கூக்குரல் எழுந்தது, 2010-ல் நிறுத்தப்பட்டது. அந்த மரணங்களுக்கு ஊசி காரணமாகத் தெரியவில்லை என்றுதான் விசாரணைக் குழு சொன்னது. ஆனால் தோண்டியபோது வேறொன்று வெளியே வந்தது. விடுதியில் இருந்த பல சிறுமிகளுக்குப் பெற்றோர் கையெழுத்தே இல்லை, வார்டன் கையெழுத்துப் போட்டிருந்தார்! 2013-ல் பாராளுமன்றக் குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்த ஊசி நல்ல ஊசிதான், பல நாடுகளில் போடுகிறார்கள். அதற்காக, பெற்றவளைக் கேட்காமல் போடலாமா?

இதெல்லாம் நடந்த பிறகு 2019 மார்ச்சில் புது விதிகள் வந்தன. சோதனைக்கு முன்னால் ஒரு நெறிமுறைக் குழு அனுமதி தர வேண்டும். அந்தக் குழுவில் டாக்டர்கள் மட்டும் இருந்தால் போதாது. சட்டம் தெரிந்தவர் ஒருவர், நம்மைப் போன்ற சாதாரண மனிதர் ஒருவர், ஒரு பெண், கட்டாயம் இருக்க வேண்டும். பாதிப்பேராவது அந்த ஆஸ்பத்திரியைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். சோதனையால் உடம்புக்கு ஏதாவது வந்தால் இலவச வைத்தியம், நஷ்ட ஈடு. நமக்குப் புரிகிற பாஷையில் காகிதம். அதில் ஒரு பிரதி நம் கைக்கு. இந்தியாவில் நடக்கிற சோதனைகளைப் பதிவு செய்ய 2007-லேயே ஒரு பதிவேடு ஏற்படுத்தியிருக்கிறார்கள்; மருந்துச் சோதனைகளுக்கு 2009 ஜூனிலிருந்து அது கட்டாயம். சி.டி.ஆர்.ஐ. என்று ஆரம்பிக்கும் பதிவெண் காகிதத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் காகிதத்தில் முதல் பக்கத்திலேயே இருந்தது.

இரண்டு நாள் ராத்திரி உட்கார்ந்து, நான் படிக்க அவள் கேட்க, பக்கம் பக்கமாகப் போனோம். பாதிப்பேருக்குப் புது மாத்திரை, பாதிப்பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. எது யாருக்கு என்று டாக்டருக்கும் தெரியாது. அதுவரை அவளுக்குப் பிரச்னை இல்லை. ஏழாம் பக்கம் வந்தது.

"சோதனை நடக்கும் காலத்திலும், அது முடிந்து சில மாதங்கள் வரையிலும் கருத்தரிக்கக் கூடாது. ஒவ்வொரு வருகையின்போதும் கர்ப்பப் பரிசோதனை செய்யப்படும்."

ஏறக்குறைய ஒன்றரை வருடக் கணக்கு அது. நான் படிப்பதை நிறுத்தினேன். அவள் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். "ரெண்டாவதுக்குப் பாத்துக்கிட்டிருக்கோம் அக்கா. உங்க கொழுந்தன் இதைப் படிக்கவே இல்லை. எதுவானாலும் போட்டுடுன்னாரு. ஆஸ்பத்திரியில எல்லார் முன்னாடியும் இதை எப்படிக் கேக்கறது?"

அந்த விதி நம்மைச் சங்கடப்படுத்த வைத்ததல்ல. தாலிடோமைட் என்ற மாத்திரையைக் கர்ப்பிணிகளுக்கு மசக்கைக்கு என்று மேல்நாடுகளில் கொடுத்து, பத்தாயிரம் குழந்தைகளுக்கு மேல் கை கால் வளராமல் பிறந்து, 1961-ல்தான் அதை நிறுத்தினார்கள். அன்றைய சூடு இன்னும் ஆறவில்லை. ஆனால் விதியின் நியாயம் ஒரு பக்கம், நம் வீட்டு நியாயம் ஒரு பக்கம். இதில் கணவன் சொல்வதா, மாமியார் சொல்வதா, ஓர்ப்படி நான் சொல்வதா? நான் வாயைத் திறக்கவில்லை. "உன் கேள்வியை எல்லாம் ஒரு தாளில் எழுது" என்று மட்டும் சொன்னேன்.

திண்டிவனம் வழியாகப் பஸ் பிடித்துப் போனோம். அங்கே இருந்தது ஒரு பெண் டாக்டர். தனியாகப் பேச வேண்டும் என்றதும் கதவைச் சாத்தினார். அவள் தாளைப் பார்த்துப் பார்த்துக் கேட்டாள். நடுவில் விலகலாமா? எப்போது வேண்டுமானாலும், காரணம்கூடச் சொல்ல வேண்டாம். வெறும் மாத்திரை கிடைத்து, தலைவலி பிளந்தால்? வழக்கமான வலி மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாம். பஸ் செலவு? கொடுப்பார்கள். சோதனை முடிந்த பிறகு அந்தப் புது மாத்திரை கிடைக்குமா? "அதற்கு இப்போ உறுதி சொல்ல முடியாது" என்றார் டாக்டர். மழுப்பாமல் சொன்னாரே, அது எனக்குப் பிடித்திருந்தது.

கடைசிக் கேள்வியை அவள் தாளில் எழுதவில்லை. "நான் சேரலைன்னா... இங்க தொடர்ந்து வைத்தியம் பாப்பீங்களா டாக்டர்?"

"அதென்னம்மா அப்படிக் கேக்கறீங்க? இது வேற, அது வேற."

"அப்போ வேணாம் டாக்டர். எனக்கு இன்னொரு குழந்தை வேணும்."

"சரிம்மா" என்றார். அவ்வளவுதான். முகம் சுளிக்கவில்லை. அதே நாற்காலியில் உட்கார வைத்து, பழைய சீட்டைப் பார்த்து, என்ன சாப்பிடுகிறாள், எத்தனை மணிக்குத் தூங்குகிறாள் என்று விசாரித்தார். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கி, மாதத்தில் பதினைந்து நாளுக்கு மேல் வலி மாத்திரை போட்டிருக்கிறாள் இவள்! அப்படி அடிக்கடி போட்டால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவந்துவிடுமாம். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, வலி வந்த நாள், அன்று வெயிலில் போனதா, பட்டினி கிடந்ததா, தூக்கம் கெட்டதா எல்லாம் எழுதி வரச் சொன்னார். குழந்தைக்கு முயற்சி செய்கிறதால் எந்த மாத்திரையையும் கேட்காமல் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். இப்போது நோட்டில் பாதி நிரம்பிவிட்டது. வேளா வேளைக்குச் சாப்பிடுகிறாள். வலி நின்றுவிடவில்லை, குறைந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் வீடு திரும்பியதும் அத்தையிடம் சொன்னோம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்ததில் அவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறைக்கு வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, முட்டியைத் தடவிக்கொண்டே கேட்டார்:

"ஏம்மா, இந்த மூட்டு வலிக்கு அங்க ஒண்ணும் சோதிச்சுப் பாக்கலையா? எழுபத்தாறு வயசுக் கிழவியைச் சேத்துப்பாங்களா?"

"கேட்டுப் பாக்கறேன் அத்தை. ஆனா பன்னிரண்டு பக்கம் இருக்கும், உக்காந்து படிக்கணும்."

"நீ படி, நான் கேக்கறேன்" என்றார். "அந்த ஏழாம் பக்கத்தை மட்டும் விட்டுடு!"