ராஜா ஜோடியை எப்போது உடைக்கலாம்?

2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு தடை செய்யப்பட்டது. நாகர்கோவிலில் லாட்டரிக் கடைகள் மூடினாலும், வாங்கும் பழக்கத்தைப் பூட்டி வைக்க முடியவில்லை. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். 1967 முதல் அங்கே அரசே லாட்டரி நடத்துகிறது. ஓணம் பம்பர் சீட்டின் விலை 500 ரூபாய், முதல் பரிசு 25 கோடி. பாறசாலை வரை போய்வர பஸ் டிக்கெட் எவ்வளவு என்று யார் கணக்குப் பார்க்கிறார்கள்?

சீட்டு வாங்குகிறவர் எடுக்கும் முடிவு ஒன்றே ஒன்றுதான்: வாங்குவதா, வேண்டாமா. வாங்கியபின் அவர் செய்ய எதுவும் இல்லை. பரிசு 25 கோடியானாலும் 2 கோடியானாலும் அவர் காத்திருக்கும் விதம் மாறாது. ஜாக்பாட் தொகை மாற மாற, ஆடுகிறவர் கையிலுள்ள சீட்டை வைப்பதா எறிவதா என்பதும் மாறுகிற ஒரு இயந்திரம் இருக்கிறது. அதன் பெயர் வீடியோ போக்கர்.

நம் மாவட்டத்தில் அதைப் பார்க்க முடியாது. உல்லாசக் கப்பல்களில் வேலைக்குப் போய்த் திரும்பும் குளச்சல், முட்டம் பக்கத்துப் பிள்ளைகளில் சிலர் அந்தக் கப்பல் கேசினோக்களில் பார்த்திருப்பார்கள். அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் அது தெருவுக்குத் தெரு உண்டு, மதுக்கடை மேசையில்கூடப் பதித்து வைத்திருப்பார்கள்.

ஆட்டம் எளிது. காசு போட்டுப் பொத்தானை அழுத்தினால் திரையில் ஐந்து சீட்டு விழும். வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை எறியலாம். எறிந்த இடத்துக்குப் புதுச் சீட்டு வரும். அவ்வளவுதான், கை முடிந்தது. எதிரே ஆள் கிடையாது, முகத்தைப் பார்த்து ஏமாற்றும் வித்தைக்கும் இடமில்லை. திரையின் மேலே ஒரு பரிசுப் பட்டியல் எப்போதும் தெரியும். ஜாக்கிக்குக் குறையாத ஒரு ஜோடி இருந்தால் போட்ட காசு திரும்பும். இரண்டு ஜோடிக்கு 2 மடங்கு, ஒரே எண்ணில் மூன்றுக்கு 3, தொடர்ச்சிக்கு 4, ஐந்தும் ஒரே இனமானால் 6, மூன்றும் ஜோடியும் சேர்ந்த ஃபுல் ஹவுஸுக்கு 9, ஒரே எண்ணில் நான்குக்கு 25, ஒரே இனத் தொடர்ச்சிக்கு 50. எல்லாவற்றுக்கும் மேலே ராயல் ஃப்ளஷ்: ஒரே இனத்தில் பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஆஸ். இதற்கு 800 மடங்கு. இந்தப் பட்டியலை ஒன்பது-ஆறு என்பார்கள், ஃபுல் ஹவுஸுக்கு 9, ஃப்ளஷுக்கு 6 என்பதால்.

இந்த இயந்திரத்தின் பாட்டன் 1891இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தான். சிட்மன், பிட் என்ற இருவர் செய்தது. ஐந்து உருளைகள், ஒவ்வொன்றிலும் பத்துச் சீட்டு, ஆக 50. கட்டில் 52 அல்லவா? இஸ்பேட் பத்தையும் ஆட்டின் ஜாக்கியையும் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். எந்த இரண்டைத் தூக்கினார்கள் என்று கவனியுங்கள். நாலு வழியில் வரக்கூடிய ராயல் ஃப்ளஷ் இரண்டு வழியாகச் சுருங்கிவிட்டது! பரிசாகக் கடைக்காரர் ஒரு சுருட்டோ ஒரு கோப்பை மதுவோ கொடுப்பார், அதிலும் இந்தக் கஞ்சத்தனம். திரையில் ஆடும் போக்கர் பரவியது 1970களின் கடைசியில், சை ரெட் என்பவரின் நிறுவனம் வழியாக. அதுதான் பின்னால் ஐஜிடி என்று உலகெங்கும் அறியப்பட்டது. இன்று நெவாடா மாநிலத்தில் திரையில் சீட்டைக் காட்டும் இயந்திரம், உண்மையான கட்டில் என்ன வாய்ப்போ அதே வாய்ப்பைத் தந்தாக வேண்டும் என்பது விதி. அதனால்தான் மூளையைக் கசக்குகிறவர்களுக்கு இதில் வேலை இருக்கிறது. 52 சீட்டில் ஐந்தை 25,98,960 விதமாக எடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் எதை வைத்து எதை எறிவது சரி என்று கணினி போட்டு வைத்துவிட்டது. ஒரு கையும் பிசகாமல் ஆடினால் ஒன்பது-ஆறு இயந்திரம் போட்டதில் 99.54 சதவீதத்தைக் காலப்போக்கில் திருப்பித் தரும்.

'காலப்போக்கில்' என்பதில்தான் கண்ணி. சரியாக ஆடினாலும் ராயல் ஃப்ளஷ் ஏறத்தாழ 40,000 கைக்கு ஒருமுறைதான் வரும். மணிக்கு 600 கை ஆடுகிறவர் 66 மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். அந்த 99.54இல் ஏறக்குறைய 2 சதவீதம் இந்த ஒரே கையிலிருந்து வருகிறது. வராதவரை அவர் ஆடுவது 97.5 சதவீத ஆட்டம்தான். இன்னொன்று, 800 மடங்கு என்பது ஐந்து காசு சேர்த்துப் போட்டால் மட்டும்: 5 காசுக்கு 4,000. ஒரு காசு மட்டும் போட்டால் 250தான். சில்லறையாக ஆடிப் பார்ப்போம் என்பவரிடம் இயந்திரம் சத்தமில்லாமல் கூடுதலாகப் பிடித்துக்கொள்கிறது.

சில இயந்திரங்களை வரிசையாக இணைத்திருப்பார்கள். எல்லோரும் போடும் காசில் ஒரு துளி ஜாக்பாட்டில் சேரும். 4,000த்தில் தொடங்கும் எண் யாராவது அடிக்கும்வரை ஏறிக்கொண்டே போகும். இங்கேதான் ஆட்டமுறை மாறுகிறது.

ஒரு கையை எடுத்துக்கொள்வோம். ஆட்டின் ராஜா, ஆட்டின் ராணி, ஆட்டின் ஜாக்கி, இஸ்பேட் ராஜா, கிளாவர் நாலு. இரண்டு வழி உண்டு. இரண்டு ராஜாவையும் வைத்து மற்ற மூன்றை எறிவது ஒன்று. போட்ட காசு எப்படியும் திரும்பும், அதற்கு மேலும் வரலாம். சராசரியாக ஒரு காசுக்கு 1.54. மற்றது, ராஜா ஜோடியை உடைத்து ஆட்டின் மூன்றையும் வைத்துக்கொள்வது. மீதி 47 சீட்டில் இரண்டு வர 1,081 வழி. அதில் ராயல் ஃப்ளஷ் ஒன்றே ஒன்று. ஒரே இனத் தொடர்ச்சி ஒன்று, ஃப்ளஷ் 43, தொடர்ச்சி 30, மூன்று சேர்வது 7, இரண்டு ஜோடி 21, காசு திரும்பும் ஜோடி 318. மீதி 660 வழியில் சல்லிக்காசு வராது. பரிசுகளைக் கூட்டினால் 1,609. ராஜா ஜோடியை அதே 1,081க்குக் கணக்கிட்டால் 1,661. ஜோடிதான் மேல், 52 அதிகம்.

இப்போது ஜாக்பாட்டை ஏற்றுங்கள். மற்ற எந்த எண்ணும் அசையாது, அந்த ஒரு ராயல் ஃப்ளஷின் மதிப்பு மட்டும் ஏறும். 800 மடங்கு 852 ஆகும்போது இரண்டும் சமம். ஐந்து காசுக் கணக்கில் 4,260. பலகையில் 4,250 என்றிருந்தால் ராஜா ஜோடியை வைத்திருக்க வேண்டும், 4,270 என்றிருந்தால் உடைக்க வேண்டும். சீட்டு அதே சீட்டு, ஆள் அதே ஆள். ஜாக்கிக்குப் பதில் ஆட்டின் பத்து வந்திருந்தால் கைக்கு வலு குறைவு, உடைக்க ஜாக்பாட் இன்னும் ஏற வேண்டும்.

எந்த அளவில் ஆட்டம் ஆடுகிறவர் பக்கம் சாய்கிறது? ஒன்பது-ஆறு பட்டியலில் சுமார் 4,880 காசில். ஆனால் ஜாக்பாட் ஏறும் இயந்திரங்களில் பல எட்டு-ஐந்து பட்டியலோடுதான் வரும். இரண்டே இரண்டு பரிசில் ஒவ்வொரு காசு குறைத்ததற்கு 99.54 சதவீதம் 97.30க்கு இறங்கிவிடுகிறது. அதை ஈடுகட்ட ஜாக்பாட் 8,666 வரை ஏறியாக வேண்டும். மேலே மின்னும் பெரிய எண்ணைப் பார்த்து உட்காருகிறவர் கீழே ஃபுல் ஹவுஸுக்கு எதிரே உள்ள சின்ன எண்ணைப் பார்ப்பதில்லை. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஜாக்பாட் ஏற ஏறச் சரியான ஆட்டம் முரட்டு ஆட்டமாகிறது. கைக்கு வந்த ஜோடிகளை எறிய வேண்டியிருக்கிறது. அடிப்பதற்கு முன் பை சீக்கிரம் காலியாகும். காகிதத்தில் லாபம், சட்டைப்பையில் நஷ்டம். கணக்கு தெரிந்தவரும் பெரும்பாலான நாட்களில் தோற்றுத்தான் எழுந்திருப்பார். இதைச் சொல்லாமல் கணக்கை மட்டும் சொல்லிக்கொடுப்பது பாதி உண்மை.

இதே கணக்கை ஓணம் பம்பருக்கும் போடலாம். 25 கோடியை 500ஆல் வகுத்தால் 5 லட்சம். முதல் பரிசு மட்டுமே எல்லோர் காசையும் ஈடுகட்ட வேண்டுமென்றால் விற்கும் சீட்டு 5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. விற்பதோ அதைப்போல் பல மடங்கு. மற்ற பரிசுகளைச் சேர்த்தாலும் கேரள அரசுக்கும் முகவருக்கும் போக மீதிதான் வாங்கியவர்களுக்கு.

திறமைக்கு இடமிருந்தால் அது சூதாட்டமா? 1996இல் லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயத்தைத் திறமை ஆட்டம் என்றது. தமிழ்நாடு 2022இல் இயற்றிய ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகப் பட்டியலிட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பட்டியலை மட்டும் நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் வழக்கின் அடித்தளத்தையே மாற்றிவிட்டது: பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம், திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும், தடை. போனில் வீடியோ போக்கர் என்று ஏதாவது செயலி வந்து பணம் கேட்டால் அது சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. அதற்கு நெவாடா விதியும் கிடையாது. கட்டில் இஸ்பேட் பத்து இருக்கிறதா என்று சரிபார்க்க உங்களுக்கு வழியில்லை.