கண்ணாடித் தொட்டியில் அலங்கார இறால் வளர்த்தல்

காயல்பட்டினம் முதல் தூத்துக்குடி வரையிலுள்ள கரையில், இறால் என்பது வலையில் விழுந்து சந்தைக்குச் செல்லும் பண்டம் என்பதே பொதுவான எண்ணம். அழகின் பொருட்டு வீட்டில் வளர்க்கத்தக்க இறால்களும் உண்டு. மன்னார் வளைகுடாவில் காணப்படும் பட்டை இறால், வெண்ணிற உடலில் சிவப்புப் பட்டைகளும் நீண்ட வெண்மீசைகளும் உடையது. துப்புரவு இறாலோ, செந்நிற முதுகின் நடுவே ஒரு வெண்கோடு கொண்டது. மீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று சுத்தம் செய்யும்.

கடற்பிராணிகளைத் தொட்டியில் வைத்துக் காப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. சென்னைக் கடற்கரையில் 1909-ஆம் ஆண்டிலேயே கடல்மீன் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. எனினும், வீட்டில் தொடங்குவோர் பலருக்கு முதல் மாதத்திலேயே இறால்கள் மடிந்து நஷ்டம் ஏற்படுகிறது. ஜலம் பக்குவப்படாமையே இதற்குப் பெரும்பாலும் காரணம்.

ஜலம்: தொடங்குவோருக்கு 100 லிட்டருக்குக் குறையாத தொட்டி நலம். கடல் ஜலத்தைத் துறைமுகத்துக்கும் சாக்கடைகளுக்கும் அப்பால் எடுத்து வடிகட்டுக. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல் பக்கத்து ஜலம் உப்புக் குறைந்து கலங்கியிருக்குமாதலின் அது உதவாது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருத்தல் வேண்டும். உப்பளத்தில் ஜலம் வற்ற வற்ற உப்பு மிகுவதுபோலவே தொட்டியிலும் மிகும். ஆகையால் வற்றிய அளவுக்கு உப்பில்லாத சுத்தமான நல்ல ஜலமே ஊற்றுக. கடல் ஜலம் ஊற்றலாகாது. உஷ்ணம் 24 முதல் 28 டிகிரி சென்டிகிரேடுக்குள் இருக்கும்படி, வெயில் படாத இடத்தில் தொட்டியை அமைத்தல் வேண்டும்.

பக்குவம்: வயலில் இட்ட எருவின் அம்மோனியாவை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுவதைக் குடியானவர்கள் அறிவர். தொட்டியிலும் அதுவே நிகழ்தல் வேண்டும். அந்நுண்ணுயிர்கள் வடிகட்டியில் பெருக 4 முதல் 6 வாரங்கள் செல்லும். அதுவரை இறாலை விடலாகாது. பிறகும், தொட்டி ஜலத்தைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, ஒன்றிரண்டு மணி நேரம் பழக்கிய பின்னரே விடுக.

விஷம்: செம்பு இறாலுக்குக் கொடிய விஷம். மயில் துத்தம் கரைத்த வாளி, போர்டோ கலவை தெளித்த கருவி, செம்பு அல்லது பித்தளைப் பாத்திரம் ஆகியவற்றைத் தொட்டி வேலைக்குத் தொடவும் கூடாது. மீன் நோய்க்கு விற்கும் மருந்துகள் சிலவற்றிலும் செம்பு உண்டு. இறால் பூச்சிகளுக்கு உறவாகையால், பூச்சிமருந்து தெளித்த கையை நன்கு கழுவாமல் ஜலத்தில் வைத்தலும் ஆபத்தாகும்.

பராமரிப்பு: இறால் வளருந்தோறும் ஓட்டைக் கழற்றும். வெற்றோட்டைக் கண்டு இறால் இறந்ததென்று மயங்குவோர் உண்டு. புதிய ஓடு இறுகும்வரை அது ஒளிந்திருக்க இடம் தேவை. பட்டை இறாலில் ஆணும் பெண்ணும் சேர்ந்த ஓர் இணையையே விடுக. ஒரே பாலின் இரண்டு இருப்பின் சண்டையிட்டு மடியும். சிறிது நேரத்தில் தின்று தீர்க்கும் அளவே தீனி போதும்.

பவளப்பாறை: ஒளியிடத்துக்கெனக் கடலிலிருந்து பவளக்கல் பெயர்த்து வருவோர் உளர். இது குற்றம். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பவளங்கள் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. தூத்துக்குடிக்கு அருகிலிருந்த விலாங்குசல்லித் தீவு கடலில் அமிழ்ந்து போயிற்று. சுற்றிலும் பவளம் வெட்டியெடுத்தமை அதற்கொரு காரணமாகக் கூறப்படுகிறது. தீவு மறைந்தால் கரைக்கு அலையைத் தடுப்பாரில்லை. கிராம அதிகாரிகள் இதனை மக்களுக்கு எடுத்துரைப்பது அவசியம். நன்கு சுட்ட மண்பானை ஓடுகளே ஒளியிடத்துக்குப் போதுமானவை.

இறால்களையும் பாறையிலிருந்து பிடித்ததை விடுத்து, பொரிப்பகத்தில் வளர்த்ததையே கேட்டு வாங்குதல் நன்று. இலட்சத்தீவைச் சேர்ந்த அகத்தித் தீவில், தேசிய மீன் மரபணு வளப் பணியகத்தார் அலங்கார இறால்களைப் பொரிப்பித்து, குஞ்சுகளை வளர்க்கும் தொழிலை அத்தீவு மகளிருக்குக் கற்பித்துள்ளனர். கடலைக் குறைக்காமல் வருமானம் தேடும் அவ்வழி இக்கரையோர் கிராமங்களும் கவனிக்கத்தக்கது.