ஐந்தருவியும் இணையத் தொலைபேசியும்

திருக்குற்றாலத்துக்குச் செல்வோர் பேரருவியில் நீராடியபின் ஐந்தருவிக்கும் செல்வது வழக்கம். மலையினின்று இழிந்துவரும் நீர் அங்கே பாறை முகட்டில் ஐந்து கிளைகளாகப் பிரிந்து வீழ்கின்றது. அதனால் பலரும் ஒரே வேளையில் நீராட இடம் உண்டாகின்றது. பெருகிவரும் பணியைப் பகுத்துச் செய்யும் இம்முறை இக்காலக் கணிப்பொறியிலும் கையாளப்படுகின்றது.

குற்றாலத்துக்கு அணித்தாகிய தென்காசிப் பகுதியில் மத்தளம்பாறை என்னும் சிற்றூர் உள்ளது. ஜோஹோ என்னும் மென்பொருள் நிறுவனம் 2011ஆம் ஆண்டு முதல் தென்காசிப் பகுதியில் பணிபுரிந்து வருகின்றது. அதன் அலுவலகம் இச்சிற்றூரில் அமைந்துள்ளது. அந்நிறுவனம் வழங்கும் மென்பொருள்களுள் இணையவழித் தொலைபேசிக்கு உரியதும் ஒன்று. இத்தகைய மென்பொருளுக்கு உரிய பணி யாது?

பேசுவோரின் குரல் பொதுவாக நொடிக்கு 8,000 முறை அளவிடப்பட்டு எண்களாக மாற்றப்படுகின்றது. அவ்வெண்கள் சிறு பொதிகளாகக் கட்டப்பெற்று, நொடிக்கு 50 பொதிகள் வீதம் இணையத்தில் செல்கின்றன. இருவர் உரையாடினால் 100 பொதிகள் ஆகும். இடைநின்று பொதிகளை வாங்கி உரியவரிடம் சேர்க்கும் கணிப்பொறி வழங்கி எனப்படும். 1,000 உரையாடல்கள் ஒருங்கே நிகழுமாயின், வழங்கி நொடிதோறும் ஒரு லட்சம் பொதிகளை ஏற்றுச் செலுத்துதல் வேண்டும்.

கடிதம் ஒருநாள் தாழ்த்து வந்தாலும் படிக்கலாம், குரலோ அவ்வாறன்று. காலந்தாழ்ந்து வரும் பொதி கழிக்கப்படும். மருத்துவர் ஒருவர் நோயாளியின் வீட்டாரிடம், “அம்மருந்தைக் கொடுக்க வேண்டா” என்கிறார் எனக் கொள்வோம். ஈற்றிலுள்ள ‘வேண்டா’ என்னும் சொல் விடுபடின், ‘கொடுக்க’ என்பது வியங்கோளாகி, விலக்கு ஏவலாக மாறிவிடும்!

கணிப்பொறியில் கணக்கிடும் உறுப்புச் செயலி எனப்படும். ஒரே செயலியின் விரைவை மேன்மேலும் கூட்டினால் வெப்பம் மிகும். ஆதலின் ஒரே சில்லில் பல செயலிகளை அமைக்கும் முறை தோன்றியது. 2005ஆம் ஆண்டில் இரு செயலிகள் அமைந்த சில்லுகள் வீட்டுக் கணிப்பொறிகளிலும் இடம்பெற்றன.

ஆயினும் செயலிகள் பலவாதல் மட்டும் போதாது. ஐந்தருவிக்கு ஒரே ஒரு குறுவாயில் அமைத்து, ஒவ்வொருவராக உள்ளே விடுத்தால் ஐந்து கிளைகள் இருந்தும் பயன் என்ன? அதுபோலவே, செயலிகள் அனைத்தும் ஒரே பேரேட்டில் குறிப்பெழுத வேண்டியிருப்பின், ஒன்று எழுதும்போது மற்றவை வாளா காத்திருக்கும். ஜீன் அம்டால் என்னும் அமெரிக்க அறிஞர் 1967இல் இத்தகைய தடையை எடுத்துரைத்தார். ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கு ஒன்றன்பின் ஒன்றாகவே செய்யத்தக்கதாயின், நூறு செயலிகள் கூடினும் விரைவு பத்து மடங்கை எட்டாது.

இக்குறையை நீக்கும் வழிகள் சில உள. முதலாவது, ஓர் உரையாடலின் பொதிகள் யாவற்றையும் ஒரே செயலியிடம் சேர்ப்பித்தல். இதனால் பொதிகளின் வரிசை பிறழாது. இரண்டாவது, ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனிக் குறிப்பேடு அளித்து, பொதுப் பேரேட்டை இன்றியமையாப்போது மட்டும் நாடச் செய்தல். மூன்றாவது, உரையாடலைப் பதிவு செய்தல் போன்ற நெடும்பணிகளை வேறு செயலிகளிடம் ஒப்படைத்தல்.

ஆட்பலம் மட்டுமே வேலையை முடித்துவிடாது. ஒருவர் மற்றவருக்காகக் காத்திராவண்ணம் பணியைப் பகுத்தளித்தலே கூட்டுழைப்பின் உயிர்நிலையாகும். மாந்தர்க்கு ஏற்ற இவ்வுண்மை பொறிகளுக்கும் பொருந்துவதாகும்.